ஒரு முழு நிமிடம்

விடுதி
ஜூன் 2

அம்மாவுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மானம்தான் போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஏன் உம்மென்று இருக்கிறாய் என்று கேட்டாயே, இதுதான் காரணம். இந்த மாதம் எங்களுக்கு ஆண்கள் வார்டு. நாற்பது கட்டில். இருபது எனக்கு, இருபது என் அறைத்தோழிக்கு, எந்நேரமும் கொட்டாவி விடுவதால் அவளுக்குப் பெயரே 'கொட்டாவி'. காலையில் ஒவ்வொருவருக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, கட்டில் காலில் தொங்கும் அட்டையில் எழுத வேண்டும். இதில் மூச்சை மட்டும் யாரும் எண்ணுவதில்லை அம்மா. ஒரு நிமிடம் முழுக்க ஓர் ஆளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது? எல்லோரும் பதினெட்டு என்று எழுதுவோம். பதினெட்டுக்கு யாரும் கேள்வி கேட்பதில்லை. மூத்த மாணவிகள் எங்களுக்கு விட்டுப்போன ஒரே சொத்து அது.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று முதலில் இருபது அட்டையிலும் வரிசையாகப் பதினெட்டைப் போட்டுக்கொண்டே போனேன். பதினோராம் கட்டில்காரரை அரைமணி முன்பே ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். போர்வைக்குள் தலையணை. நான் தலையணைக்குப் பதினெட்டு போட்டுவிட்டேன்.

பின்னால் வார்டு சிஸ்டர் நின்றிருந்தார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'முழுநிமிடம்'. பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்கினால்கூட ஒத்துக்கொள்ள மாட்டார். அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, வார்டே கேட்கும்படி சொன்னார்: "ஏம்மா, இவரு ஸ்கேனுக்குப் போகும்போது மூச்ச மட்டும் இங்கயே விட்டுட்டுப் போயிட்டாரா?"

பன்னிரண்டாம் கட்டில்காரர் இருமி இருமிச் சிரித்தார். அவருக்கும் பதினெட்டுதான் போட்டிருந்தேன்.

இப்போது தண்டனையைக் கேள். என் பயிற்சிப் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆகஸ்டு தேர்வு எழுத முடியும். ஜூலை ஒன்றுக்குள் பதிவேடு கல்லூரியில் இருக்க வேண்டும். கையெழுத்து வேண்டுமென்றால், நர்சிங் படிக்காத ஒருவருக்கு மூச்சு எண்ணக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். அவர் பதினான்கு நாள் வேறொருவரின் மூச்சை எண்ணி எழுதித்தர வேண்டுமாம். கற்றுக்கொடுத்ததும் கடிதமாக இருக்க வேண்டும், போகிற, வருகிற கடிதங்களைப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். போனில் சொன்னால் ஆதாரம் இல்லையாம். தவறினால் அரை வருடம் போச்சு. எனக்குக் கீழே படிப்பவர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டும்.

ஆகவே நீ எண்ணுகிறாய். அப்பாவின் மூச்சை. மறுக்காதே.

அவர் வேலைவிட்டு வந்து, பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு எண்ண வேண்டும். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும், அதனால் சொல்லக் கூடாது. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொள். கண் நெஞ்சில் இருக்கட்டும். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. சுவர்க்கடிகாரத்தின் விநாடி முள் ஒரு முழுச் சுற்று சுற்றும்வரை எண்ணு. பெரியவர்களுக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரை சரி. பெரும்பாலும் பதினெட்டு இருக்கும்.

மகள்


வீடு
ஜூன் 7

குட்டிக்கு,

நல்ல நேரம் பார்த்தாய் போ. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். மெஷின்மேல் அறுபத்திரண்டு சீருடை கிடக்கிறது. அதில் பாதிக்கு இன்னும் காலரே ஏறவில்லை. இந்த லட்சணத்தில் உங்கப்பா நெஞ்சை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம்.

இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகும் சிஸ்டர் அம்மா அவர்களுக்கு வணக்கம். என் மகள் கெட்டவள் இல்லை. அவசரக்காரி. மூன்றாம் வகுப்பிலும் கூட்டல் கணக்கில் விடையை முதலில் எழுதிவிட்டுத்தான் எண்களைக் கூட்டுவாள். தாங்கள் விட்டுப்பிடிக்கவும்.

எண்ண ஆரம்பித்துவிட்டேன். முதல் நாள் கையைப் பிடித்ததும் உங்கப்பா ஒரு பார்வை பார்த்தார் பார்.

"என்ன புதுசா கையெல்லாம் புடிக்கிற?"

"நாடி பாக்கறேன். குட்டி சொல்லியிருக்கா."

"இருபத்திநாலு வருஷமா புடிக்காத கை. ஏதாவது வாங்கணுமா?"

"வாயை மூடிட்டு உக்காருங்க. எண்ணிக்க விட்டுப்போகுது."

வாயை மூடுகிற மனிதரா? மரப்பட்டறையில் நடந்ததை எல்லாம் அப்போதுதான் சொல்ல வேண்டும் அவருக்கு. பேசினால் எண்ண முடியவில்லை. மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்தேன். முந்தாநாள் இருபத்திமூன்று. நேற்று இருபத்திரண்டு. நீ பதினெட்டு என்கிறாய். எனக்கு எண்ணத் தெரியவில்லை போலிருக்கிறது. இருபதுக்கு மேலே போனால் உனக்கு மார்க் குறையுமா? அதை முதலில் எழுது.

அளவு எடுக்கும்போதும் இதே தொல்லைதான். டேப்பைச் சுற்றியதும் ஒவ்வொருத்தியும் வயிற்றை எக்கிக்கொள்வாள். பேச்சுக்கொடுத்து, அவள் மறந்த நேரத்தில்தான் சரியான அளவை எடுக்க வேண்டும். உங்கப்பாவிடம் பேச்சுக்கொடுத்தால் அவர் நிறுத்தவே மாட்டார், அதுதான் வித்தியாசம்.

மற்றபடி அவருடைய படுத்தல் குறையவில்லை. இப்போதெல்லாம் ஒரு தலையணை போதவில்லையாம், இரண்டு வேண்டுமாம். செருப்பு வார் இறுக்குகிறதாம், புதுசு வேண்டுமாம். போன வருடம் வாங்கிய செருப்பு, கால் என்ன இந்த வயதில் வளருமா? மாடிக்குத் துணி எடுக்கப் போனால் பாதியில் நின்று வேடிக்கை பார்க்கிறார். எனக்கு வருகிற எரிச்சலில் என் மூச்சை யாராவது எண்ணினால் நூறு இருக்கும்.

எதிர்வீட்டு வாத்தியாரம்மா உன்னைக் கேட்டார்கள். நீ பாதி டாக்டர் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா


விடுதி
ஜூன் 11

அம்மா,

உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சிஸ்டருக்கு வணக்கம் எல்லாம் எழுதாதே. இந்தக் கடிதங்களை அப்படியே ஒட்ட வேண்டும் என்று சொன்னேனா இல்லையா? என் மூன்றாம் வகுப்புக் கணக்குவரைக்கும் படித்துவிட்டு, மிச்சத்தைப் படிக்காமலே கடிதத்தை என்னிடம் நீட்டி, "இப்பவும் அதே பழக்கம்தானா?" என்று கேட்டார். கொட்டாவிக்குச் சிரித்துச் சிரித்துக் கொட்டாவியே நின்றுவிட்டது.

நான் பாதி டாக்டர் இல்லை. கால் டாக்டரும் இல்லை. நர்ஸ். அதுவும் இன்னும் முழுதாக இல்லை. தயவுசெய்து தெருவில் பரப்பாதே.

இருபத்திமூன்று, இருபத்திரண்டு எல்லாம் நீ தப்பாக எண்ணியது. நெஞ்சு ஏறுவதை ஒன்று, இறங்குவதை ஒன்று என்று எண்ணியிருப்பாய். இரண்டும் சேர்த்துத்தான் ஒன்று. இல்லாவிட்டால் அவர் பேசும்போது எண்ணியிருப்பாய். மறுபடி ஒழுங்காக எண்ணு. எட்டாம் தேதியிலிருந்து எண்ணியதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்வோம்.

மார்க் குறையுமா, கூடுமா என்று என் பிராணனை வாங்காதே. அப்பா கல்லுமாதிரி இருக்கிறார், அளவும் சரியாகத்தான் வரும். வரவில்லை என்றால் நான் கற்றுக்கொடுத்தது தப்பு என்று அர்த்தம், தேர்வு கிடையாது, அவ்வளவுதான். போதுமா?

தலையணை, செருப்பு எல்லாம் இந்தக் கடிதங்களில் எழுத வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் எழுது. இங்கே காலை ஆறரைக்கு வார்டுக்குப் போனால் மதியம் இரண்டுக்குத்தான் உட்கார முடிகிறது. அதற்குமேல் வகுப்பு. இப்போது இருபது பேருக்கும் முழு நிமிடம் எண்ணுகிறேன். 'முழுநிமிடம்' பின்னாலேயே கடிகாரத்தோடு நிற்கிறார். மனிதர்கள் இத்தனை மெதுவாக மூச்சுவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. கழுத்தறுப்பு.

மகள்


வீடு
ஜூன் 22

குட்டிக்கு,

பதினான்கு நாள் முடிந்தது. தாள் இதோடு இருக்கிறது. தையல் சாக்கட்டியால் கோடுபோட்டு, கட்டம்கட்டி, மேலே தேதி, கீழே எண்ணிக்கை என்று பார்க்க லட்சணமாக எழுதியிருக்கிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். உனக்கு ஒரு குறையும் வராது.

நீ சொன்னபடி வேறு எதையும் எழுதவில்லை. உங்கப்பா இரண்டு நாளாகப் பட்டறைக்குப் போகவில்லை, அதையும் எழுதவில்லை.

தேர்வுக்குப் படி.

அம்மா


விடுதி
ஜூன் 25

அம்மா,

தாள் கிடைத்தது. 18, 18, 17, 18, 18, 18, 19, 18, 18, 18, 18, 17, 18, 18.

யாரிடம் காட்டுகிறாய் இந்த வேலையை? பொய்யாகப் பதினெட்டு போடுவதில் நான் பட்டமே வாங்கியவள். நடுவில் நம்புகிற மாதிரி ஒரு பதினேழு, ஒரு பத்தொன்பது என்று தூவுவதும் எனக்குத் தெரியும். இரண்டாம் வருடம் முழுக்க அதைத்தான் செய்தேன்.

நீ எண்ணவே இல்லை. முதல் இரண்டு நாள் எண்ணியிருப்பாய், பிறகு சீருடை வேலை வந்திருக்கும், கடைசி நாள் உட்கார்ந்து ஒரே பேனாவில் பதினான்கு நாளையும் எழுதிவிட்டாய். மை கூட மாறவில்லை. உன்னிடம் நான் ஒரே ஒரு காரியம் கேட்டேன். நாளைக்கு ஒரு நிமிடம். ஊரில் எல்லோருடைய இடுப்பையும் அரை அங்குலம் பிசகாமல் அளக்கிறாய், சொந்தப் பெண்ணுக்கு ஒரு நிமிடம் ஒதுக்க முடியவில்லை.

இந்தத் தாளைக் கொடுத்தால் சிஸ்டர் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்காமலும் போகலாம். இன்றைக்கு இரண்டு தடவை அவருடைய அறை வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். தாள் என் பெட்டியில் இருக்கிறது. முதல் தேதிக்கு இன்னும் ஆறே நாள். நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

மகள்


வீடு
ஜூன் 27
பேருந்து பார்சலில்

அடியே,

எண்ணவில்லையா நான்?

பதினான்கு நாளும் எண்ணினேன். ஒரு நாள் விடாமல் எண்ணினேன். தலைமையாசிரியை ஆள்மேல் ஆள் அனுப்பிச் சீருடை கேட்டபோதும், "ஒரு நிமிஷம் இருங்க" என்று வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு உங்கப்பா கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஏறி இறங்கினால் ஒன்று. அவர் பேசினால் மறுபடி முதலிலிருந்து. நம்பவில்லை என்றால் இந்தா, என் அளவு நோட்டிலிருந்து பக்கத்தையே கிழித்து அனுப்புகிறேன். இருபது வருடமாக அளவு நோட்டில் நான் பொய் எழுதியது கிடையாது. இரண்டு அங்குலம் குறைத்து எழுதச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். எழுதினால் துணி பொருந்துமா?

பார்த்துக்கொள். 22, 22, 24, 23, 24, 24, 25, 24, 26, 26, 25, 27, 28, 28.

ஒரு நாளாவது பதினெட்டு வராதா என்று நான் பட்டபாடு எனக்குத் தெரியும். முதலிலேயே இருபத்திரண்டு என்று எழுதினேனா இல்லையா? நீதான் எனக்கு எண்ணத் தெரியவில்லை என்றாய். நீ படித்தவள். நான் காஜா போடுகிறவள். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். எவ்வளவு கவனமாக எண்ணினாலும் ஏறிக்கொண்டேதான் போயிற்று. சரி, இந்தக் கைக்கு எண்ண வரவில்லை, நம்மால் பெண்ணின் அரை வருடம் போகக் கூடாது என்று நல்ல தாளில் நீ சொன்ன எண்ணைப் போட்டேன். உனக்காகத்தான் போட்டேன். அதற்குப் பரிசு இந்தக் கடிதம்.

படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்கப்பா, "என்னவாம்?" என்றார். அதைக் கேட்கவே அவர் இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

இனி உன் படிப்பு, உன் சிஸ்டர், உன் பாடு. என்னை விடு.

அம்மா


விடுதி
ஜூலை 5

அம்மா,

நேற்றுக் காலையில்தான் உன்னோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நேரில் பேசியிருக்கலாம். நீ அப்பாவின் மாத்திரைச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

பார்சல் வந்த அன்று அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். கடைசியில் இருபத்தெட்டு. உன் பழைய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். இரண்டு தலையணை. இறுக்கும் செருப்பு வார். மாடிப்படியில் பாதியில் நிற்பது. அம்மா, இது எங்கள் புத்தகத்தில் அச்சு அசலாக இருக்கிறது. இதயம் சரியாக இறைக்காவிட்டால் நெஞ்சில் நீர் கோக்கும், கால் வீங்கும், தட்டையாகப் படுக்க முடியாது, மூச்சு கூடும். போன பருவத்தில் இந்தக் கேள்விக்குப் பத்துக்குப் பத்து வாங்கினேன். நீ ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாய், நான் செருப்பைப் பற்றி எழுதாதே என்று பதில் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஏறுவதையும் இறங்குவதையும் நீ தனித்தனியாக எண்ணியிருந்தால் நாற்பதுக்கு மேல் அல்லவா வந்திருக்கும்? இந்தச் சின்னக் கணக்குகூட எனக்கு அன்றைக்கு ஓடவில்லை. விடை பதினெட்டு என்று முதலிலேயே எழுதிவைத்துவிட்டேன்.

அன்று போனில் உன்மேல் கத்தியதற்கு என்னை மன்னித்துவிடு. பயத்தில் கத்தினேன். நீ உடனே அப்பாவுக்குச் சட்டையை மாட்டிக் கிளப்பி, நான் பஸ் பிடித்து வருவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தும்விட்டாய். டாக்டர் உன் அளவு நோட்டுப் பக்கத்தை வாங்கி, ஒரு புறம் மூச்சையும் மறுபுறம் ஏழாம் வகுப்புப் பெண்களின் இடுப்பளவையும் படித்துவிட்டு, "இத யாரு எண்ணினது?" என்று கேட்டபோது நீ எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். திட்டப்போகிறார் என்று நினைத்தாயா?

இங்கே நடந்ததைக் கேள். பதிவேட்டின் கெடு முதல் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனாலும் நேற்று மாலை நேராகச் சிஸ்டரிடம் போனேன். உன் நல்ல தாள், அளவு நோட்டுப் பக்கம், நம் கடிதங்கள் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தேன். உட்காரச் சொல்லாமல் எல்லாவற்றையும் படித்தார். அரை மணி நேரம். எனக்கு ஆறு மாதம் போலிருந்தது.

பிறகு கேட்டார்: "அப்பா இப்ப எப்படி இருக்காரு?"

"இருபத்திநாலு, சிஸ்டர்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் தலையாட்டினார்.

அளவு நோட்டுப் பக்கத்தின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்படியே எழுதுகிறேன்: 'எண்ணியவர் தேறினார். கற்றுக்கொடுத்தவர் மறுபடி செய்யவும்.'

ஆகஸ்டில் எனக்குத் தேர்வு இல்லை. அடுத்த பிப்ரவரியில், கீழ்வகுப்புப் பிள்ளைகளோடு. கொட்டாவி எனக்கு முன்னால் நர்ஸ் ஆகப்போகிறாள். உலகம் தாங்குமா? எரிச்சலாக இருக்கிறது. அழுகையாகவும் இருக்கிறது. ஆனால் உன் நல்ல தாளைக் கொடுத்திருந்தால் இன்றைக்குக் கையெழுத்தோடு படித்துக்கொண்டிருப்பேன், அப்பா வீட்டில் மூன்றாவது தலையணை கேட்டிருப்பார். அதைவிட இது தேவலை.

வீட்டுக்குப் போனதும் மறுபடி எண்ணு. இந்தத் தடவை என் பதிவேட்டுக்கு இல்லை. வந்ததை வந்தபடி எழுது. செருப்பைப் பற்றியும் எழுது.

மகள்


வீடு
ஜூலை 16

குட்டிக்கு,

முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேள். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஆறு பெண்களின் அளவு இருந்தது. பக்கத்தை உன் சிஸ்டர் பதிவேட்டில் ஒட்டிவிட்டார்களாம். ஆறு பெண்களும் வாசலில் நிற்கிறார்கள். ஒட்டியதைக் கிளப்பி, பின்பக்கத்தைப் பார்த்து, அந்த அளவுகளை எழுதி உடனே அனுப்பு. சிஸ்டர் அம்மாவுக்கு வணக்கம் சொல்லவில்லை. சொன்னால் உனக்குக் கோபம் வரும். நீயாகச் சொல்லிவிடு.

தேர்வு போனதற்கு எனக்கும் துக்கம்தான். வாத்தியாரம்மா கேட்டார்கள். பிப்ரவரியில் என்று சொன்னேன். பாதி டாக்டர் என்று இப்போது சொல்வதில்லை. நர்ஸ் என்றுதான் சொல்கிறேன். "நர்ஸா?" என்று இழுத்தார்கள். "ஆமா, அவ அப்பா வியாதிய அவதான் கண்டுபுடிச்சா" என்றேன்.

உங்கப்பா உப்பில்லாத சாப்பாட்டுக்குப் படுத்துகிற பாடு சொல்லி முடியாது. வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார், ஏதோ நான்தான் உப்பைக் கண்டுபிடித்து ஒளித்துவைத்தவள் மாதிரி. மாத்திரை போட்டால் பாத்ரூமும் கையுமாக இருக்கிறார். கால் வீக்கம் வடிந்துவிட்டது. பழைய செருப்பே லொடலொடவென்று இருக்கிறதாம், இப்போது அதற்கும் புதுசு வேண்டுமாம். நேற்று மாடிக்கு நிற்காமல் ஏறினார். தலையணை ஒன்று எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

நீ இனிக் கையைப் பிடிக்கச் சொல்ல வேண்டாம். சாயங்காலம் ஆனதும் அவரே கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து கையை நீட்டுகிறார். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறும் என்றாயே, அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதனால் பட்டறைக் கதையைச் சொல்லச் சொல்கிறேன், சொல்லி முடித்து அசந்து சாய்வார் பார், அப்போது எண்ணிவிடுகிறேன். எண்ணி முடித்த பிறகும் கையை விடச் சொல்வதில்லை. நானும் விடுவதில்லை. இதை ஒட்டாதே.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து: 23, 23, 22, 21, 21, 20, 20.

இன்றைக்கு எண்ணிவிட்டு நோட்டை எடுத்தபோது பதினெட்டு என்று எழுதிவிடத்தான் கை போயிற்று. உனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று தோன்றியது. மறுபடியும் அவர் கையைப் பிடித்து இன்னொரு முழு நிமிடம் எண்ணிப் பார்த்தேன்.

பத்தொன்பதுதான்.

அம்மா